மார்கழியில் பூட்டிய கதவு

பரமலிங்கம் என்ற பெயரை நான் முதன்முதல் கேட்டது சின்னம்மாவின் அடுப்படியில். அவளுடைய நடு மகள் கமலாவதிக்குச் சம்பந்தம் பேசி வந்திருந்தார்கள். மாப்பிள்ளைக்கு ஊர் மயிலிட்டி, அரசாங்க உத்தியோகம். எங்கள் தொண்டைமானாற்றில் ஆறு கடலோடு சேரும் இடத்துக் கதவுகளைத் திறந்து பூட்டுகிற வேலை.

"கதவு திறக்கிறதுக்கும் சம்பளம் குடுக்கிறாங்களோ? நான் இவ்வளவு காலமும் சும்மாவெல்லே திறந்து பூட்டினனான்," என்று சின்னம்மா சிரித்தாள்.

மழைக்காலத்தில் அந்தக் கதவுகள் திறந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் வெள்ளம் வயல்களுக்குள் ஏறிவிடும். மேலதிகாரிகளின் கந்தோரிலிருந்து கடிதம் வராமல் கை வைக்கக்கூடாது என்பது சட்டம். கல்யாணமான புதிதில் ஒருமுறை, இறால் கடலுக்கு ஓடிவிடும் என்று கமலாவதியின் தம்பி நமசிவாயம் கெஞ்ச, பரமலிங்கம் ஒரு கதவை இறக்கினார். அதற்குத் தண்டனையாக மூன்று மாதம் வேலையில்லாமல் இருந்தார். அதற்குப் பிறகு கடிதம் இல்லாமல் அந்த இரும்புப் பிடியை அவர் தொட்டதே இல்லை.

எண்பத்து நாலாம் ஆண்டு, மார்கழி தொடக்கம். சண்டை என்று கடலுக்குப் போகத் தடை போட்டிருந்தார்கள். எங்கள் ஆட்கள் எல்லோருக்கும் ஆற்று இறால்தான் சோறு. அந்த நேரம் பார்த்து நடுக்கடலில் ஏதோ எண்ணெய்க் கப்பல் உடைந்து, வாடைக்காற்றோடு கறுப்பு எண்ணெய் கரைக்கு வந்துகொண்டிருந்தது. தார் பூசியது போல ஒரு ஆமை மணலில் கிடந்தது.

கதவைப் பூட்டக் கடிதம் கேட்டுப் பரமலிங்கம் சைக்கிளில் யாழ்ப்பாணம் போனார். கதவுக்குப் பொறுப்பான கந்தோரில் எண்ணெய் தங்கள் வேலை இல்லை என்றார்கள். கடலுக்குப் பொறுப்பானவர்கள் கதவு தங்களுடையதில்லை என்றார்கள். மூன்றாவது கந்தோரில் ஒரு பெரியவர், "கொழும்புக்குத் தந்தி போயிட்டுது. நீர் போய் இரும்," என்றார்.

"மறுமொழி வாறதுக்கிடையிலை எண்ணெய் வந்திடும், ஐயா."

"அப்ப எண்ணெயைக் கொஞ்சம் நிக்கச் சொல்லும்."

திரும்பி வந்து கதவடியில் குந்திக்கொண்டார். நமசிவாயம் ஓடி வந்தான்.

"அத்தான், பூட்டுங்கோ! வேலை போனால் நாங்கள் சோறு போடுறம்."

"முந்தியும் நீ சொல்லித்தானே பூட்டினனான்? அந்த மூண்டு மாதமும் ஆரடா சோறு போட்டது? உன்ரை அக்கா காதுத் தோட்டை வித்தவள்."

நமசிவாயம் வந்த வழியே திரும்பி நடந்தான்.

அடுத்த நாள் விடிய, கடல் பெருக்கோடு எண்ணெய் ஆற்றுக்குள் ஏறியது. வலைகள் கறுத்தன. இறால் செத்து மிதந்தது. எட்டாம் நாள் பெருமழை பெய்தது. வெள்ளம் எண்ணெயைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கடலுக்குத் தள்ளத் தொடங்கியது. ஆறு பிழைத்துவிடும் என்று நாங்கள் மூச்சு விட்டோம்.

பதினோராம் நாள் கடிதம் வந்தது. எண்ணெய் உட்புகாதபடி கதவுகளை உடனே பூட்டவும் என்று இருந்தது.

பக்கத்தில் நின்ற நான் பரமலிங்கத்தைக் கேட்டேன். "தம்பி, இப்ப பூட்டினால் உள்ளுக்கை நிக்கிறது எப்பிடி வெளியாலை போகும்?"

"அக்கா, பூட்டச் சொல்லியெல்லே கிடக்கு."

எல்லாக் கதவுகளையும் இறக்கினார். எண்ணெய் உள்ளேயே தங்கியது. வெள்ளம் அதைத் தூக்கிக்கொண்டு வயல்களிலும் ஏறியது.

பிறகுதான் கந்தோரிலிருந்து ஜீப்பில் ஆட்கள் வந்தார்கள். பரமலிங்கம் கடிதத்தை நீட்டினார். வந்தவர் வாசித்தார், மடித்துத் தன் பைக்குள் வைத்துக்கொண்டார்.

"இது எண்ணெய் வரமுன்னம் பூட்டச் சொன்ன கடிதம். உமக்கு மூளை இல்லையோ?"

வேலை போனது அவர் ஒருவருக்குத்தான். கடிதம் எழுதியவர் யார் என்று இன்றுவரை எங்களுக்குத் தெரியாது.

மூன்று வருடம் ஆற்றில் இறால் இல்லை. சின்னம்மாவின் செத்தவீட்டில் பாடை தூக்கப் பரமலிங்கம் தோள் கொடுக்கப் போனார். நமசிவாயம் எல்லோருக்கும் முன்னால் அவரைத் தள்ளிவிட்டான். அந்த மாதமே கமலாவதியைக் கூட்டிக்கொண்டு மயிலிட்டிக்குப் போய்விட்டார். தொண்ணூறில் ஷெல்லடிக்குப் பயந்து அங்கேயிருந்தும் எழும்பினார்கள்.

பரமலிங்கம் இப்போது புத்தூரில், யாரோ ஒருவருடைய புகையிலைத் தோட்டத்து மூலையில் கொட்டில் போட்டுக் கமலாவதியோடு இருக்கிறார்.