சுடலை அண்ணாச்சி உட்கார்ந்து சாப்பிட்ட ஞாயிறு

காலை 5.40. ஞாயிற்றுக்கிழமை சாலைக் கடைத்தெருவில் நாய்கூட நிதானமாகத்தான் எழுந்திருக்கும். அன்று நாங்கள் ஒன்பது பேர் குளித்து, தலை சீவி, எங்கள் ஹோட்டலின் மூடிய ஷட்டருக்கு முன்னால் நின்றோம். வேன் வாடகை நாலாயிரத்து எண்ணூறு ரூபாய். திட்டம் இதுதான்: அறுபது கிலோமீட்டரில் இருக்கும் பொன்முடி மலை, இறங்கி வந்து மியூசியம், சாயங்காலம் சங்குமுகம் கடற்கரை. நான் அந்த ஹோட்டலில் டீ மாஸ்டர், பெயர் தங்கராசு. பதினோரு வருஷமாகத் திருவனந்தபுரத்தில் இருக்கிறேன் என்று ஊரில் பெருமை அடிப்பேன். நான் பார்த்த திருவனந்தபுரமோ என் பாய்லரிலிருந்து பழவங்காடிப் பிள்ளையார் கோவில்வரைதான்.

பயணம் சுடலை அண்ணாச்சிக்காக. களக்காட்டுக்காரர். முப்பத்தொரு வருஷம் சப்ளையராக விளம்பி, அதாவது பரிமாறி, முழங்கால் தேய்ந்துபோனது. மறுநாள் காலை ஒரேயடியாக ஊருக்குப் புறப்படுகிறார். “எந்த இடம் பாக்கணும், சொல்லுங்க அண்ணாச்சி” என்று ஒரு வாரமாகக் கேட்டோம். வாயைத் திறக்காத மனுஷன். என் டீயைத் தினம் நாலு கிளாஸ் குடிப்பார், நல்லாயிருக்கு என்றோ நாசமாயிருக்கு என்றோ ஒரு நாள் சொன்னதில்லை. கடைசியில் வெள்ளிக்கிழமை சொன்னார்.

“எடம் ஒண்ணும் வேண்டாம்வே. இலை போட்டு, யாராவது விளம்பி, சுடச்சுட, கடைசிவரைக்கும் ஒக்காந்து ஒரு சாப்பாடு சாப்பிடணும்.”

எனக்குப் பொட்டில் அடித்தது போலிருந்தது. சாயங்காலம் நாலரைக்கு அடுக்களை மூலையில் தட்டைக் கையில் ஏந்தி, நின்றபடி, காதை ஹாலில் வைத்துக்கொண்டு அவர் சாப்பிடுவதை நான் தினம் பார்க்கிறவன்.

காலை 6.35. நெடுமங்காடு, பதினெட்டாவது கிலோமீட்டர். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு சின்னக் கடை. புட்டு, பயறு, பப்படம், ஒரு பழம், எல்லாம் சேர்த்து ஐம்பத்தைந்து ரூபாய். புட்டைப் பப்படத்தோடு நொறுக்கி, பயற்றைக் கலந்து, பழத்தைப் பிசைந்து உருட்டி வாயில் போட்டால், அடடா, இத்தனை நாள் காலையில் நான் தின்றதெல்லாம் என்ன என்றாகிவிட்டது. பாத்திரம் தேய்க்கும் செல்லம்மா அக்கா கண்ணை மூடிக்கொண்டு சாப்பிட்டாள். கடையில் ஒரே ஒரு சப்ளையர். கூட்டமோ நெரிகிறது. பின்னால் யாரோ “சேட்டா, நாலு சாய!” என்று சத்தம் போட்டார்கள்.

திரும்பிப் பார்த்தால் அண்ணாச்சியின் நாற்காலி காலி. ஒரு கையில் நாலு டீ கிளாஸைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டு அந்த மேஜைக்குப் போய்விட்டார்! அங்கிருந்தவர் சட்னி கேட்க, அதையும் எடுக்கப் போனார்.

“அண்ணாச்சி, இங்கன வந்து ஒக்காருங்கன்னேம்லா!” என்று செல்லம்மா அக்கா கத்தினாள். கடையே திரும்பிப் பார்த்தது.

“பாவம், ஒத்தையாள் நிக்கான்” என்று சொல்லிக்கொண்டே வந்து உட்கார்ந்தார். புட்டு ஆறி விறைத்திருந்தது. அதையும் ஒரு சொல் சொல்லாமல் தின்றார்.

காலை 9.10. பொன்முடி. இருபத்திரண்டு கொண்டை ஊசி வளைவுகள் ஏறிப் போனோம். பார்த்தது என்ன என்று கேட்டால், பனிமூட்டம். டிரைவர் பிஜு, “அந்தப் பக்கம் நல்ல பள்ளத்தாக்கு உண்டு, கேட்டோ” என்று கையை நீட்டினார். கை தெரிந்தது, பள்ளத்தாக்கு தெரியவில்லை. பரோட்டா மாஸ்டர் கோயில்பிச்சை, “இதுக்கு எங்க கல்லுல வர்ற பொகையே போதும்” என்றான். அந்த வெள்ளைப் பனிச் சுவருக்கு முன்னால் ஒன்பது பேரும் நின்று போட்டோ எடுத்துக்கொண்டு இறங்கினோம்.

காலை 11.30. விதுரா. சாலையோரத்தில் ஓலைக் கொட்டகை, மரச்சீனி, அதாவது மரவள்ளிக் கிழங்கும் மீன் கறியும் எண்பது ரூபாய். இந்தத் தடவை நாங்கள் உஷார். அண்ணாச்சியைச் சுவரோரம் உள்ளே தள்ளி, இந்தப் பக்கம் நான், எதிரே கோயில்பிச்சை. எழுந்திருக்க வழியே கிடையாது. கடைக்கார அம்மா கறிச் சட்டியையும் கிழங்குத் தட்டையும் மேஜை நடுவில் வைத்துவிட்டுப் போனார். குடம்புளி போட்டுச் சுண்டவைத்த செக்கச்சிவந்த குழம்பு. நெற்றியில் வியர்வை, வாயில் எச்சில். நானும் தலையைக் குனிந்தவன் குனிந்தவன்தான்.

நிமிர்ந்தபோது என் தட்டில் கேட்காமலே இரண்டாவது துண்டு மீன் இருந்தது. செல்லம்மா அக்காவுக்கு நடுத்துண்டு, கோயில்பிச்சைக்கு வால்துண்டு, பிஜுவுக்குக் குழம்பு மட்டும் தனியாக. உட்கார்ந்த இடத்திலிருந்தே எல்லோருக்கும் விளம்பியிருக்கிறார் பாவி மனுஷன்! அவர் தட்டில் கிழங்கும் மீன்முள்ளும்.

எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. “ஒமக்கு விளம்பத்தானே இத்தன பேரும் வந்திருக்கோம்? ஒரு வேளை சும்மா இருக்கத் தெரியாதா ஒமக்கு?”

“கை தானாப் போயிருதுவே. நான் என்ன செய்ய?” என்றார். குரல் இறங்கிப் போயிருந்தது. நான் ஏன் கத்தினேன் என்று ஆகிவிட்டது எனக்கு. வேனில் யாரும் பாட்டுப் போடச் சொல்லவில்லை. மிச்சம் இருப்பது மத்தியானச் சாப்பாடு ஒன்றுதான்.

மத்தியானம் 1.50. நூற்றிருபது கிலோமீட்டர் சுற்றி வந்து பிஜு வண்டியை நிறுத்திய இடம் பழவங்காடிக்குப் பக்கத்தில் ஒரு சாப்பாட்டுக் கடை, எங்கள் ஹோட்டலிலிருந்து ஐந்து நிமிஷ நடை! ஞாயிறு மட்டும் அங்கே முழு ‘சத்யா’ விருந்து உண்டு, இலைக்கு இருநூற்று நாற்பது ரூபாய். முப்பத்தொரு வருஷத்தில் அண்ணாச்சி அந்தப் படியை மிதித்ததில்லை. மிதிக்க எப்போது நேரம்?

உட்கார்ந்ததும் ஆரம்பித்துவிட்டார். பக்கத்து இலைகளை எல்லாம் நுனி இடப்பக்கம் வரத் திருப்பி வைத்தார், தண்ணீர் தெளித்தார், டம்ளர்களை ஒரே வரிசையில் தள்ளினார். எங்கள் வரிசைக்கு விளம்ப வந்தவர் மீசை நரைத்த மலையாளி. வலது காலை லேசாக இழுத்து நடந்தார். அண்ணாச்சியின் கைகளையே கொஞ்ச நேரம் பார்த்தார்.

“எவிடயா பணி?”

“சாலைக் கடைத்தெருவுல. முப்பத்தொண்ணு வருசம். நேத்தோட சரி.”

அவர் நேந்திரங்காய் உப்பேரிப் பாத்திரத்தைக் கீழே வைத்துவிட்டு, அண்ணாச்சியின் தோளில் கையை வைத்து அழுத்தினார். “அண்ணாச்சி அவிட இரிக்கு. இன்னு ஞான் விளம்பும்.”

அதற்குப் பிறகு வந்த சாப்பாட்டை என்னவென்று எழுத! பருப்பும் நெய்யும், அப்பளம் நொறுங்கும் சத்தம், சாம்பார், அவியல், மாங்காய்ப் பச்சடி, புளிசேரி. நான் பாதி கண்ணை இலையிலும் மீதியை மேஜைக்கு அடியிலும் வைத்திருந்தேன். அண்ணாச்சியின் குதிகால் இரண்டும் தரையைத் தொடவில்லை. எந்த நொடியும் எழுந்துவிடுவார் போல விரல்களை ஊன்றி இருந்தார். பின் வரிசையில் ஒருவர், “சாம்பார்! இவிட சாம்பார் வந்நில்லா!” என்று கூப்பிட்டார். அண்ணாச்சியின் முழங்கால் மேஜையில் இடித்தது.

அவர் எழுந்திருக்கவில்லை. இடது கையால் பெஞ்சின் விளிம்பை இறுகப் பிடித்துக்கொண்டார்.

பிறகு போளி வந்தது. நம் பக்கத்துப் போளிதான், ஆனால் இந்த ஊரில் அதை இலையில் போட்டு அதன் மேலேயே பால் பாயசத்தை ஊற்றிவிடுகிறார்கள். “டம்ளர்ல தாங்க” என்று நம்மவர்கள் கேட்டு அசடு வழிகிற இடம் இது, நானும் வழிந்தேன். கையால் பிசைந்து, ஒழுக ஒழுக வழித்துச் சாப்பிட வேண்டும். அண்ணாச்சி முழங்கைவரை வழியவிட்டுச் சாப்பிட்டார். குனிந்து பார்த்தேன். குதிகால் இரண்டும் தரையில் இருந்தன.

விளம்புகிறவர் திரும்பி வந்து நின்றார். “வேற எந்து வேணம்?”

அண்ணாச்சி அவரை அண்ணாந்து பார்த்துக்கொண்டே இருந்தார். வேறு என்ன வேண்டும் என்ற அந்தக் கேள்வியை ஒரு நாளைக்கு இருநூறு தடவை கேட்கிறவர் அண்ணாச்சி. அவரிடம் யாரும் கேட்டு நான் பார்த்ததில்லை. நானும்தான் கேட்டதில்லை. கண் நிறைந்துவிட்டது அவருக்கு.

“இன்னொருக்க கேளும்” என்றார்.

விளம்புகிறவர் சிரிக்கவில்லை. கொஞ்சம் குனிந்து, மெதுவாக, மறுபடி கேட்டார். “அண்ணாச்சிக்கு வேற எந்து வேணம்?”

“ரசம். சூடா.”

மூன்றே காலுக்குத்தான் எழுந்தோம். மியூசியத்துக்குப் போகலாமா என்று பிஜு கேட்டபோது நாங்கள் வேனில் சாய்ந்து கண்ணை மூடியிருந்தோம். சங்குமுகத்திலும் சூரியன் மேகத்துக்குள்ளேயே இறங்கிவிட்டது. யாருக்கும் குறையில்லை.

திங்கள் காலை 6.15. தம்பானூர் பேருந்து நிலையம். நாகர்கோவில் வண்டியில் அண்ணாச்சி ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். என் பாய்லரிலிருந்து பிளாஸ்கில் டீ கொண்டுபோயிருந்தேன். மூடியில் ஊற்றிக் கொடுத்தேன். ஒரு மடக்குக் குடித்தார், என்னைப் பார்த்தார்.

“தங்கராசு, சீனி பத்தலவே.”

“என்னது?”

“பதினோரு வருசமா பத்தல.”

பஸ் டிரைவர் வண்டியைக் கிளப்பிவிட்டார். ஒரு நிமிஷம் நிறுத்தச் சொல்லிவிட்டு, எதிரே இருந்த பெட்டிக்கடைக்குச் சீனி வாங்க ஓடினேன்.