என்னை எழுப்பாத வகுப்பு

சில வருடங்களுக்கு முன், ஓர் ஏப்ரல் மாதம். மொன்றியலில் பனி கரைந்து தெருவோரமெல்லாம் சேறாகக் கிடந்த நேரம். என் மகளுக்கு அமெரிக்காவில் இரண்டு கல்லூரிகளில் இடம் கிடைத்திருந்தது. மாத முடிவுக்குள் இரண்டில் ஒன்றைத் தேர்ந்து சொல்லவேண்டும். வீட்டில் அந்த மாதம் முழுக்க அதுதான் பேச்சு.

நாங்கள் மொன்றியலை ஒட்டிய டோர்வலில் இருக்கிறோம். விமானங்களுக்குச் சாப்பாடு தயாரிக்கும் கூடத்தில் எனக்கு வேலை. என் கணவருக்குப் புவாண்ட்-கிளேரில் ஒரு பண்டகசாலையில். மகள் அப்போது சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூவில் கொலிஜ் படித்துக்கொண்டிருந்தாள். இங்கே பள்ளிக்கூடம் முடித்த பிள்ளைகள் பல்கலைக்கழகம் போகுமுன் இரண்டு வருடம் படிக்கிற இடம் அது. அங்கே அவளுக்குப் படிப்பித்த ஆசிரியை ஒருவர்தான் இந்தச் சின்ன அமெரிக்கக் கல்லூரிகளைப் பற்றி முதலில் சொல்லியிருக்கிறார். டாக்டர், எஞ்சினியர் என்று முதல் நாளே பிரித்துவிட மாட்டார்களாம். இலக்கியம், கணிதம், உயிரியல், சங்கீதம் என்று எல்லாவற்றையும் தொட்டுப் பார்த்துவிட்டு, பிறகு பிடித்ததில் ஆழமாகப் போகலாமாம். வகுப்பென்றால் ஒரு மேசையைச் சுற்றி இருக்கக்கூடிய அளவு பிள்ளைகள்தான். விண்ணப்பிக்கிறவர்களில் பெரும்பாலானோரை வேண்டாமென்று சொல்லிவிடுவார்களாம். இவளை இரண்டு கல்லூரிகள் எடுத்திருந்தன. படிப்புச் செலவையும் அவர்களே பார்த்துக்கொள்வதாகச் சொன்னார்கள்.

அது எவ்வளவு பெரிய விஷயம் என்று எங்களுக்கு விளங்கவில்லை. ரொறன்ரோவில் இருக்கும் என் மச்சாள் தொலைபேசியில், “உந்தப் பேரை ஒருத்தரும் கேள்விப்படேல்லையே. மொன்றியலிலை இல்லாத யூனிவர்சிற்றியே?” என்று கேட்டார். என் கணவருக்கும் அதே கேள்விதான். நான் எந்தப் பக்கமும் சேராமல், “பேந்து பாப்பம்” என்று சொல்லிச் சொல்லி நாளைக் கடத்தினேன். பிறகு என்பதை நாங்கள் அப்படித்தான் சொல்வோம்.

மகள் வாதாடவில்லை. சின்ன வயதிலிருந்தே அவள் அப்படித்தான். கேட்டதற்கு ஒரு சொல்லில் பதில் வரும், அதுவும் பாதி நேரம் பிரெஞ்சில். சாப்பிட்டவுடன் அறைக்குள் போய்விடுவாள். இவ்வளவு வாய் பேசாத பிள்ளை தனியாக எப்படிச் சமாளிக்கும் என்பதுதான் என் பயம்.

இரண்டு கல்லூரிகளும் புத்தகம் அனுப்பியிருந்தன. எனக்கு இரண்டும் ஒன்றுபோலவே இருந்தன. அதே செங்கல் கட்டடம், அதே பெரிய மரங்கள், புல்லில் இருந்து சிரிக்கும் பிள்ளைகள். “நேரை போய்ப் பாத்தாத்தான் தெரியும் அம்மா” என்றாள். கணவருக்கு லீவு கிடைக்கவில்லை. ஈஸ்டர் முடியும்வரை எங்கள் வேலையிடத்தில் மூச்சுவிட நேரமில்லை. அது முடிந்த கையோடு நான் லீவு எடுத்து, வாழ்க்கையில் முதல்தடவையாக எல்லையைத் தாண்டிக் கார் ஓட்டினேன்.

எல்லையில் இருந்த அதிகாரி எங்கே போகிறீர்கள் என்று கேட்டார். மகள் கல்லூரியின் பெயரைச் சொன்னாள். “ஓ, நல்ல இடம். அங்கே இடம் கிடைப்பது கஷ்டமாச்சே” என்றார். அந்த ஆசிரியைக்குப் பிறகு, அந்தப் பெயரைக் கேள்விப்பட்டிருந்த முதல் ஆள் அவர்தான். மகள் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிச் சிரித்ததைக் கண்டேன்.

முதல் கல்லூரி கிட்ட. காலையில் வெளிக்கிட்டு மதியச் சாப்பாட்டுக்கு முன் போய்ச் சேர்ந்துவிட்டோம். எனக்கு அது உடனேயே பிடித்துப்போனது. மலையடிவாரத்தில் சின்ன ஊர், மணிக்கூண்டோடு ஒரு தேவாலயம். எல்லாவற்றையும்விட, எங்களுக்கு இடத்தைச் சுற்றிக் காட்டிய பிள்ளை சென்னைப் பிள்ளை. என்னைக் கண்டதும் தமிழில் பேசத் தொடங்கிவிட்டாள். தன் அறைக்குக் கூட்டிக்கொண்டுபோய் இஞ்சி தட்டிப்போட்டு ஒரு தேத்தண்ணி தந்தாள். “நீங்க கவலையே படாதீங்க ஆன்ட்டி, இவளை நான் பாத்துக்கிறேன்” என்றாள். எனக்கு அதற்குமேல் என்ன வேண்டும்? விடுதியில் சோறு கிடைக்குமா, குளிருக்கு அறை சூடாக இருக்குமா என்றெல்லாம் விசாரித்தேன். மனதுக்குள் முடிவு எடுத்தாகிவிட்டது.

அன்றிரவு மகள் அங்குள்ள மாணவிகளோடு விடுதியில் தங்கினாள். பார்க்க வருகிற பிள்ளைகளுக்கு அப்படி ஓர் ஏற்பாடு. நான் ரோட்டோரத்து மோட்டலில் தனியாக. நான் இல்லாத கூரையின் கீழ் என் பிள்ளை படுத்த முதல் இரவு அது. கண்ணை மூடினாலும் நித்திரை வரவில்லை.

அடுத்த நாள் மலைகளைக் கடந்து இரண்டாவது கல்லூரிக்கு ஓடினோம். மழையும் ஐஸுமாகக் கொட்டியது. லொறிகள் தெறித்த சேற்றில் கண்ணாடி வழியே ரோடு மறைந்து மறைந்து தெரிந்தது. ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்ததில் கை விறைத்துவிட்டது. இவ்வளவு தூரத்தில் என்ன கல்லூரி என்று மனதுக்குள் புறுபுறுத்துக்கொண்டே போனேன். போய்ச் சேர்ந்தபோது மகள் பார்க்க விரும்பிய வகுப்பு தொடங்குகிற நேரம். பெற்றோரும் இருக்கலாம் என்றார்கள்.

பழைய கட்டடம், மரத் தரை, ஜன்னலுக்குக் கீழே சூடு விடும் இரும்புக் குழாய். நீள மேசையைச் சுற்றிப் பத்துப் பன்னிரண்டு பிள்ளைகள். வெள்ளைத் தலைமுடியோடு ஒரு பேராசிரியை. மூக்கில் வளையமும் மொட்டையடித்த தலையுமாக ஒரு பெண்பிள்ளை இருந்தாள். இவர்களோடா என் மகள் படிக்கப்போகிறாள் என்று யோசித்தபடி, சூட்டுக் குழாய்க்குப் பக்கத்தில் இருந்த கதிரையில் அமர்ந்தேன். மொழிபெயர்ப்பைப் பற்றிய பாடம். ஒரு மொழியில் இருக்கிற சொல் இன்னொரு மொழியில் இல்லாவிட்டால் என்ன செய்வது என்று பேராசிரியை கேட்டது ஞாபகம் இருக்கிறது. அவ்வளவுதான் ஞாபகம்.

கண் விழித்தபோது அறையில் ஒருவரும் இல்லை.

மேசை வெறுமையாக இருந்தது. விளக்குகளை அணைத்திருந்தார்கள். என்மேல் யாரோ ஒரு பச்சைக் கம்பளிக் கோட்டைப் போர்த்தியிருந்தார்கள், அதில் நனைந்த நாயின் மணம். வகுப்பு முடிந்து எல்லாரும் போய்விட்டார்களா? பிள்ளை எங்கே? ஊர் பேர் தெரியாதவர்கள் நடுவில் வாயைத் திறந்துகொண்டு நித்திரை கொண்டேனே, அவளுக்கு எவ்வளவு வெட்கமாக இருந்திருக்கும்! கோட்டைக் கையில் பிடித்தபடி ஓடிப்போய்க் கதவைத் திறந்தேன்.

வகுப்பு வெளியே நடந்துகொண்டிருந்தது.

நடைபாதையில், தரையில், சுவரில் முதுகைச் சாய்த்து அத்தனை பிள்ளைகளும் இருந்தார்கள். பேராசிரியையும் காலை நீட்டித் தரையில்தான் இருந்தார். எல்லாரும் தணிந்த குரலில் பேசினார்கள். அவர்களுக்கு நடுவில் என் மகள் இரண்டு கைகளையும் ஆட்டி ஆட்டி ஆங்கிலத்தில் ஏதோ விளக்கிக்கொண்டிருந்தாள். கதவு திறந்ததை அவள் கவனிக்கவில்லை.

அவள் சொன்னது இதுதான். என் அம்மாவிடம் ‘பேந்து’ என்று ஒரு சொல் இருக்கிறது. அகராதியில் பார்த்தால் ‘பிறகு’ என்று இருக்கும். ஆனால் அம்மா சொல்லும்போது அது நேரத்தைப் பற்றிய சொல் இல்லை. எனக்குப் பயமாக இருக்கிறது, ஆனால் உனக்கு மாட்டேன் என்று சொல்லவும் மனம் வரவில்லை என்பதுதான் அதன் அர்த்தம். அதை ஆங்கிலத்தில் ஒரு சொல்லில் எப்படிக் கொண்டுவருவீர்கள்?

நான் அப்படியே நின்றேன். என் வாயில் வருகிற ஒரு சொல்லை இந்தப் பிள்ளை இவ்வளவு கவனமாகக் கேட்டிருக்கிறாளா? என் பயத்தை நானே அப்படிச் சொல்லிப் பார்த்ததில்லை.

பேராசிரியைதான் என்னை முதலில் கண்டார். மகள் சொல்வது சரியா என்று சிரித்துக்கொண்டே கேட்டார். நான் எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில், “பெரும்பாலும் சரி. ஆனால் சிலவேளை அது மாட்டேன்தான்” என்றேன். நடைபாதை முழுக்கச் சிரித்தது. மொட்டைத் தலைப் பிள்ளை நகர்ந்து தனக்குப் பக்கத்தில் எனக்கு இடம் விட்டாள். கோட்டு அவளுடையது. திருப்பிக் கொடுத்தபோது வாங்காமல், தரை குளிர், அதன்மேல் இருங்கள் என்றாள். நான் அதன்மேல் இருந்து மீதி வகுப்பைக் கேட்டேன்.

என்ன நடந்தது என்று மகள் காருக்கு நடக்கும்போதுதான் சொன்னாள்.

“நீங்கள் குறட்டை விட்டனீங்கள் அம்மா. நான் எழுப்ப வந்தனான். அந்தப் புரொபெசர் வேண்டாமெண்டு கையைக் காட்டிப்போட்டு, தன்ரை பேப்பருகளை எடுத்துக்கொண்டு வெளியிலை நடந்திட்டா. எல்லாரும் சப்பாத்தைக் கழட்டிக் கையிலை பிடிச்சுக்கொண்டு பின்னாலை போனவை.”

“ஏன் சப்பாத்தை?”

“மரத் தரை எல்லே, சத்தம் போடும்.”

திரும்பி வரும் வழியில் மழை விட்டிருந்தது. கொஞ்சத் தூரம் போனபின் அவளாகவே சொன்னாள், “முதல் கொலிஜையே எடுக்கிறன் அம்மா. கிட்டவும்தானே. உங்களுக்கும் லேசு.”

நான் வாய் திறந்து கேட்காததை அவளே தருகிறாள். ஓம் என்று சொல்லியிருந்தால் அத்தோடு முடிந்திருக்கும். பெற்றோல் அடிக்க ஓரிடத்தில் நிறுத்தினேன். இரண்டு கோப்பி வாங்கிக்கொண்டு வந்து காருக்குள் இருந்தேன்.

“அங்கை கதைச்சமாதிரி நீ எங்கடை வீட்டிலை ஒரு நாளும் கதைச்சதில்லை” என்றேன்.

“வீட்டிலை ஆர் கேக்கிறது?” என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. கோப்பியின் மூடியைத் திறந்தபடி, இருப்பதைச் சொல்வதுபோல்தான் சொன்னாள். கோபமாகச் சொல்லியிருந்தால் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பேன்.

“பிள்ளை, நீ அங்கையே போ” என்றேன்.

“தூரமம்மா. தமிழ்ப் பிள்ளையள் ஒருத்தரும் இல்லை.”

“ஓம், தூரம்தான். போ.”

அவள் அழுதாள். நானும்தான். பக்கத்தில் பெற்றோல் அடித்துக்கொண்டிருந்தவர் எங்களைப் பார்த்துவிட்டு மறுபக்கம் திரும்பிக்கொண்டார்.

வீட்டில் சொன்னபோது கணவர் ஒரு கிழமை முகம் கொடுத்துப் பேசவில்லை. “கிட்ட இருக்கிறதை விட்டிட்டு, நித்திரை கொண்ட இடத்துக்கே பிள்ளையை அனுப்புறாய்?” என்று கேட்டார். கேட்டால் அது பைத்தியக்காரத்தனமாகத்தான் இருக்கும். ஆனாலும் ஆகஸ்ட் கடைசியில் அவரே கல்லூரிவரை கார் ஓட்டிக்கொண்டு வந்து, விடுதியில் மகளின் கட்டிலுக்குப் பக்கத்தில் மேசை விளக்கைப் பூட்டிக் கொடுத்துவிட்டுத்தான் திரும்பினார்.

எல்லாம் சுகமாக நடந்தது என்று சொல்லமாட்டேன். முதல் குளிர்காலம் அவள் தொலைபேசியில் அழுதபோது, தேத்தண்ணி தந்த அந்தச் சென்னைப் பிள்ளையை நான் எத்தனையோ தடவை நினைத்துக்கொண்டேன். மொழி படிக்கப் போனவள் கடைசியில் கல்லையும் மண்ணையும் படித்து முடித்தாள். இப்போது கியூபெக்கின் வடக்கே நிலத்தடி நீரைச் சோதிக்கிற வேலை. வீட்டுக்கு வந்தால் பாறைகளைப் பற்றி ஓயாமல் பேசுகிறாள். எங்களுக்குப் பாதி விளங்காது. ஆனால் நானும் கணவரும் தொலைக்காட்சியை நிறுத்திவிட்டுக் கேட்கிறோம்.

பிள்ளைகளுக்கு எந்தக் கல்லூரி நல்லது என்று இங்குள்ள தாய்மார் சிலர் என்னிடம் கேட்பதுண்டு. எனக்குத் தரவரிசையெல்லாம் தெரியாது, நேரே போய்ப் பாருங்கள் என்றுதான் சொல்கிறேன். களைத்துப்போன ஓர் அந்நியப் பெண்ணுக்காகக் கதிரைகளை விட்டுத் தரையில் போய் இருந்த அந்தப் பிள்ளைகளின் முகங்கள் இப்போது மங்கிவிட்டன. ஆனால் என் பிள்ளையை இந்த உலகத்திடம் நம்பி விடலாம் என்று அன்று எனக்கு வந்த துணிவு இன்னும் என்னோடு இருக்கிறது.