நான்காவது பயணி

தஞ்சாவூரிலிருந்து மெட்ராஸுக்கு ஒரு காலத்தில் விமானம் போனது என்றால் என் மகனே நம்பமாட்டான். "திருச்சிய நினைச்சுக்கிட்டுச் சொல்றீங்கம்மா" என்று சிங்கப்பூரிலிருந்து போனில் சிரிப்பான். எனக்குச் சுருக்கென்று கோபம் வரும். அந்த விமானத்துக்கு டிக்கெட் எழுதியவளே நான்தான்.

வாரத்துக்கு மூன்று நாள், காலையில் வந்து அரைமணி நேரத்தில் திரும்பிவிடும் சின்ன விமானம் அது. நாலைந்து பேர் ஏறினாலே எங்களுக்குத் திருவிழா. ஆபீஸில் மொத்தம் இரண்டு பேர்: ஸ்டேஷன் மேனேஜர், நான். போர்டில் ஸ்டேஷன் என்று இருந்ததால் ஊர்க்காரர்கள் அவரை ரயில்வேக்காரர் என்றே நினைத்தார்கள். கும்பகோணம் பாசஞ்சர் எத்தனை மணிக்கு என்று வந்து கேட்பார்கள். அவரும் சளைக்காமல் சொல்வார். அறுவடைச் சமயத்தில் மிராசுதார்கள் வந்து மழை வருமா என்று கேட்பார்கள். ஓடுதளத்தில் காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று தினமும் குறித்துவைப்பவர் அவர்தானே. அதற்கும் ஏதாவது சொல்லி அனுப்புவார்.

சின்ன விமானம் என்பதால் பெட்டியோடு ஆட்களையும் எடை போட வேண்டும். பெண்கள் தராசில் ஏறும்போது அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வார், நான் எழுதிக்கொள்வேன். இப்படி ஒரு மனிதரை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

அப்போது எனக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை. கணவர் மஸ்கட்டில். இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை வருவார், வந்த கையோடு போய்விடுவார். மகன் என் அம்மா வீட்டில் வளர்ந்தான். அந்த ஆபீஸையும் மேனேஜர் சாரையும் விட்டால் எனக்குப் பேச்சுத்துணை கிடையாது. இதைச் சொல்லிக்கொள்ள எனக்கு வெட்கமில்லை.

எங்கள் ஆபீஸில் ஒரு வழக்கம் உண்டு. விமானம் புறப்படும் நேரம் சில நாள் ராகு காலத்தில் விழுந்துவிடும். அதைப் பார்க்கிறவர்கள் முதல் நாளே நல்ல நேரம் பார்த்து ஒரு பெட்டியைக் கொண்டுவந்து எங்களிடம் வைத்துவிட்டுப் போவார்கள். பரஸ்தானம் என்பார்கள். பெட்டி வீட்டை விட்டுக் கிளம்பிவிட்டால் ஆளும் கிளம்பிவிட்ட கணக்கு. மூன்று நாளுக்குள் ஆள் போய்விட வேண்டும், இல்லையென்றால் பெட்டியை வீட்டுக்கு எடுத்துப்போய் மறுபடி நேரம் பார்க்க வேண்டும். ஆளில்லாத பெட்டியை வாங்கவே கூடாது என்பது கம்பெனி விதி. மேனேஜர் விதியைப் படித்துக் காட்டுவார், பிறகு பெட்டியை வாங்கி அலமாரிக்குள் வைப்பார்.

அந்த அலமாரியில் ஒரு பழுப்பு ரெக்ஸின் பெட்டி அடிக்கடி வரும், போகும். ஏறும் பயணி யாரையும் அதோடு நான் பார்த்ததில்லை. ஒருநாள் கேட்டேவிட்டேன். அது அவருடைய பெட்டி.

அவருக்கு ஒரே மகள். மெட்ராஸில் படிக்கப்போன இடத்தில் வேறு சாதிப் பையனைக் கல்யாணம் செய்துகொண்டாள். இனி வாசற்படி மிதிக்காதே என்று இவர் எழுதிவிட்டார். அடுத்த வருஷம் மனைவியும் இறந்துபோனார். இப்போது மகளுக்குக் குழந்தை பிறந்திருக்கிறது. போய்ப் பார்க்க வேண்டும். அதற்குத்தான் பெட்டி.

ரயிலில் போகலாமே சார் என்றேன். சிரித்தார்.

"மூணு தடவ ஏறினேம்மா. ஒரு தடவ கும்பகோணத்துல இறங்கிட்டேன். ரெண்டு தடவ மாயவரம் வரைக்கும் போனேன். பிளேன்னா நடுவுல இறங்க முடியாது பாருங்க."

நான் அதற்குச் சிரித்தேன். சிரித்திருக்கக் கூடாது.

நேரம் பார்ப்பதும் பெட்டியைத் திருப்பி எடுத்துப்போவதுமாக ஒரு வருஷம் ஓடியது. அதற்குள் தலைமை அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. மாதக் கடைசியோடு தஞ்சாவூர் சேவை நிற்கிறது. எனக்குக் கணக்குத் தீர்த்து அனுப்பிவிடுவார்கள், அவருக்கு வடக்கே மாற்றல். அன்று மாலையே அவர் மகளுக்குக் கடிதம் எழுதினார். கடைசி விமானத்தில் வருகிறேன், இரண்டு நாள் இருப்பேன் என்று. ஒட்டுவதற்கு முன் என்னிடம் படித்துக் காட்டினார். மகளைத் திட்டி எழுதிய கடிதத்தை யாருக்கும் காட்டவில்லை, இதை ஒருவராவது பார்க்க வேண்டாமா என்றார்.

கடைசி நாள் காலையில் அவரும் தராசில் ஏறினார். நான் எடையைக் குறித்துக்கொண்டேன். பயணிகள் பட்டியலில் மூன்று பேர், நான்காவதாக அவர் பெயர். பட்டியலை மெட்ராஸுக்குப் போனில் படித்ததும் நான்தான். அவர் இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். ஒரு கையில் பழுப்புப் பெட்டி, இன்னொரு கையில் குழந்தைக்கு ஒரு தலையாட்டி பொம்மை.

மற்ற மூவரும் ஏறிவிட்டார்கள். அவர் படிக்கட்டுக்குக் கீழே நின்று என்னைத் திரும்பிப் பார்த்தார். போயிட்டு வாங்க சார் என்று நான் சொல்லியிருந்தால் போதும். எத்தனையோ பயணிகளுக்குச் சொன்ன வார்த்தைதான். ஆனால் அவர் போனதும் அந்தக் காலி ஆபீஸுக்கு நான் மட்டும் திரும்பிப் போவதை நினைத்துப் பார்த்தேன்.

"நீங்களும் போயிட்டா நான் ஒருத்தியா என்ன சார் பண்ணுவேன்?" என்றேன்.

வழியனுப்பும்போது எல்லோரும் சொல்வதுதான். அதற்காக யாரும் பயணத்தை நிறுத்துவதில்லை. அவர் நிறுத்தினார். ஒரு சாக்குக்காகவே காத்திருந்தவர்போல், "அதுவும் சரிதாம்மா, சாவியெல்லாம் ஒப்படைக்கணும்ல" என்று படிக்கட்டிலிருந்து விலகி வந்துவிட்டார். விமானம் போய்விட்டது. எனக்குச் சந்தோஷமாக இருந்தது. பாவி, சந்தோஷமாகத்தான் இருந்தது. இரண்டு நாள் அவரோடு உட்கார்ந்து பழைய காகிதங்களைக் கட்டினேன். பட்டியலில் அவர் பெயரை அடிக்க வேண்டும் என்றோ, மெட்ராஸுக்குச் சொல்ல வேண்டும் என்றோ எனக்குத் தோன்றவே இல்லை.

பிறகு அவர் வடக்கே போனார். ஓய்வுபெற்றதும் கும்பகோணத்துக்கு வந்து தனியாக இருந்தார். பொங்கலுக்கு ஒரு கார்டு போடுவார். மகளைப் பற்றி எழுதியதில்லை. நானும் கேட்டதில்லை, கேட்க எனக்கு வாயில்லை. என் கணவர் இறந்தபோது மட்டும் நேரில் வந்து ஒருமணி நேரம் உட்கார்ந்துவிட்டுப் போனார்.

போன வருஷம் அவரும் போய்விட்டார். காரியமெல்லாம் முடிந்து ஒரு வாரம் கழித்து, ஐம்பது வயதைத் தாண்டிய ஒரு பெண் என் வீட்டு வாசலில் வந்து நின்றாள். மூக்கைப் பார்த்ததுமே அவர் மகள் என்று தெரிந்துவிட்டது. அப்பாவின் பெட்டியில், விமான ஆபீஸில் கூட வேலை பார்த்தவர் என்ற குறிப்போடு என் முகவரி இருந்ததாம். உட்காரவைத்து காப்பி கொடுத்தேன். சுற்றி வளைக்காமல் கேட்டாள்.

"அந்தக் கடைசி பிளேன்ல அப்பா வந்தாருல்ல மேடம்? நான் ஏர்போர்ட்ல குழந்தையோட நின்னேன். கவுன்டர்ல கேட்டேன், லிஸ்ட்ல பேரு இருக்கு, வந்துட்டாருன்னாங்க. வேற பிளேன் கூட்டமும் சேர்ந்து வந்துச்சு. சாயங்காலம் வரைக்கும் நின்னேன். தூரத்துல இருந்து என்னைப் பாத்துட்டு, மனசு ஒப்பாம அப்படியே திரும்பிப் போயிட்டாருன்னு நினைச்சேன். அதுக்கப்புறம் நான் எழுதவே இல்ல. அவர் எழுதினதையும் பிரிக்கல."

டம்ளரைக் கீழே வைத்தேன். அவர் ஏறவே இல்லை என்று சொன்னேன். ஏறாமல் நின்றது எதனால் என்பதையும், நான் சொன்ன வார்த்தையையும் அப்படியே, ஒன்றையும் மறைக்காமல் சொன்னேன். திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் தேவலை.

அவள் காப்பி டம்ளரை ஓரமாக நகர்த்திவிட்டு நிமிர்ந்தாள்.

"அப்போ அப்பா அன்னைக்கு என்னைப் பாக்கவே இல்லையா?"

"இல்லம்மா," என்றேன். "பாக்கவே இல்ல."