பழையபடி போட்டுக்கொடு

சித்தப்பாவுக்குக் கடைத்தெருவில் 'பொறுங்க' என்று பெயர். வண்டியைக் கொண்டுவந்து நிறுத்துகிறவர் வாயைத் திறப்பதற்குள் அவர் சொல்லும் முதல் வார்த்தை அதுதான். பொறுங்க, சத்தத்தைக் கேட்கிறேன். பொறுங்க, சூடு ஆறட்டும். உதிரி பாகம் வாங்கப் போனால் கல்லாவில் இருப்பவர், "பொறுங்க வந்துட்டார், இனி அரை நாள் போச்சு" என்பார். சித்தப்பாவும் சேர்ந்து சிரித்துக்கொள்வார். அந்த வார்த்தையை அவர் சொல்லாத ஒரே ஆள் என் அப்பா.

அப்பா அவருக்கு ஆறு வயது மூத்தவர். தாத்தா படுத்த படுக்கையானபோது வீட்டில் ஒருவர் சம்பாதித்தாக வேண்டியிருந்தது. அப்பாவுக்குக் கல்லூரியில் இன்னும் ஒரு வருஷம் பாக்கி, சித்தப்பா ஒன்பதாவது. படிப்பை விட்டு யார் நிற்பது என்பதை அப்பாவே முடிவு செய்தார். சித்தப்பா ஒரு பட்டறையில் சேர்ந்தார். அப்பா படித்து முடித்து அலுவலகத்துக்குப் போனார், தாத்தாவின் மோட்டார் சைக்கிளில்.

அந்த வண்டி அப்பாவைவிட மூன்று வயது பெரியது. முப்பது வருஷமாக அதை ஓடவைத்தது சித்தப்பா. இஞ்சினை இரண்டு முறை பிரித்துச் சேர்த்திருக்கிறார். எங்குமே கிடைக்காத கிளட்ச் தகடுகளை அளவெடுத்து வெட்டிப் போட்டிருக்கிறார். வண்டியை எடுத்துப் போக வரும்போது அப்பா சொல்வது ஒன்றுதான்: "முடிஞ்சுதா?"

ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பாவின் கூட்டாளிகள் நாலைந்து பேர் தங்கள் பழைய வண்டிகளோடு எங்கள் வீட்டு வாசலில் கூடியிருந்தார்கள். அவர்களில் ஒரு வழுக்கைத் தலைக்காரர், "இவ்வளவு சுத்தமா யார் பார்த்துக்கறாங்க?" என்று கேட்டார்.

"ஓட்டறது நான். துடைக்கறது தம்பி" என்றார் அப்பா.

சித்தப்பா கையில் அப்போது துணி இருந்தது. எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். நான் காப்பி டம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டேன்.

சித்தப்பாவின் வீடு பட்டறைக்குப் பின்னால் ஒற்றை அறை, ஒரு சமையலறை. விஷயம் அவருக்கு முன்பே அங்கே போய்ச் சேர்ந்திருந்தது. சித்தி தட்டை வைத்துவிட்டு, "துடைக்கறவரே, கை கழுவிட்டு வாங்க" என்றார்.

"விளையாட்டுக்குச் சொன்னார்."

"முப்பது வருஷமா ஒரே விளையாட்டு. நல்லா செஞ்சிருக்கடான்னு ஒரு தடவை சொன்னா உங்க அண்ணனுக்குப் பல்லு கொட்டிடுமா?"

சித்தப்பா கையைக் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தார். "இந்தத் தடவை சொல்வார்" என்றார்.

அந்த வண்டியில் அவர் கைவைக்காத இடம் ஒன்று மிச்சமிருந்தது: ஹேண்டில் திரும்பும் கழுத்து. அங்கே மேலே ஒரு கிண்ணம், கீழே ஒரு கிண்ணம், அவற்றுக்குள் சின்னச் சின்ன இரும்புக் குண்டுகள். பால் ரேஸ் என்பார்கள். வண்டி பெரும்பாலும் நேராகவே போவதால், ஒவ்வொரு குழியிலும் அந்தக் குண்டுகள் ஒரே இடத்தில் இடித்து இடித்துக் கிண்ணத்தில் பள்ளம் விழுந்துவிட்டது. ஹேண்டிலைத் திருப்பினால் நட்டநடுவில் 'டக்'கென்று விழுந்து நிற்கும். அப்பாவுக்கு அதில் பெருமை. "கையை விட்டாலும் நேரா போகும். பழைய இரும்புடா" என்பார். அது இரும்பின் குணம் இல்லை, தேய்மானம் என்று சித்தப்பா அவரிடம் சொன்னதில்லை.

குண்டுகளுக்குப் பதில் ஒருபக்கம் சிறுத்த உருளைகள் கொண்ட டேப்பர் பேரிங் போட்டால் ஹேண்டில் வெண்ணெய் மாதிரி திரும்பும், ஆயுசுக்கும் பள்ளம் விழாது. ஆனால் அந்த வண்டிக்கென்று அப்படி ஒன்று யாரும் செய்யவில்லை. சித்தப்பா மூன்று மாதம் அளவுகளை எழுதிக்கொண்டு அலைந்து, வேறெதற்கோ செய்த இரண்டு பேரிங்குகளைக் கண்டுபிடித்தார். உயரம் இரண்டு மில்லிமீட்டர் கூடுதல். ஹேண்டில் தண்டை லேத்துக்காரரிடம் கொடுத்து அதன் அடித்தட்டைச் சீவச் சொன்னார்.

"கல்யாணப் பொண்ணு மூக்கைக்கூட இவ்வளவு அளவு பார்க்க மாட்டாங்க" என்றார் லேத்துக்காரர்.

"பொறுங்க, இன்னும் ஒரு மயிரிழை சீவணும்."

பேரிங்குகளின் வெளி வளையங்களை முதல் நாளே குளிர்பெட்டியில் வைத்தார். குளிர்ந்தால் இரும்பு சுருங்கும், வண்டிக் கழுத்துக்குள் சிரமமில்லாமல் இறங்கும். "பால் பாக்கெட்டுக்கு நடுவுல இதை வேற வளர்க்கணுமா?" என்று சித்தி முனகினார், ஆனால் இடம் ஒதுக்கிக் கொடுத்தார். உள் வளையத்தை எண்ணெயில் சூடாக்கித் தண்டில் இறக்கினார். வெளி வளையத்தைச் சுத்தியலால் தட்டும்போது முதலில் மொத்து மொத்தென்று சத்தம் வந்தது. பிறகு ஒரே அடியில் சத்தம் மாறிக் 'கிண்'ணென்றது. அடியில் போய் உட்கார்ந்துவிட்டது என்று அர்த்தம். சித்தப்பா இன்னொரு முறை தட்டிப் பார்த்தார், தேவையில்லாமல்.

கடைசியில் முன்சக்கரத்தைத் தூக்கி நிறுத்தி, ஹேண்டிலை ஒரு விரலால் தொட்டார். அது தன் பாரத்திலேயே மெல்ல இடப்பக்கம் சாய்ந்தது. நேராக்கி மறுபடி தொட்டார். வலப்பக்கம் சாய்ந்தது. எங்கும் தடங்கல் இல்லை. சித்தியைக் கூப்பிட்டுத் தொடச் சொன்னார். அவரும் ஒரு விரலால் தொட்டுவிட்டு, "அட" என்றார்.

மறுநாள் அப்பா வந்து வண்டியை எடுத்துப் போனார். தெருமுனை வரை போனவர் உடனே திரும்பி வந்தார். இறங்கவில்லை.

"என்னடா பண்ணி வெச்சிருக்க? குடிகாரன் மாதிரி போகுது. இந்தப் பக்கம் இழுக்குது, அந்தப் பக்கம் இழுக்குது."

"இழுக்கலண்ணே. முன்னாடி பள்ளத்துல சிக்கி நின்னுச்சு. உங்க கை அதுக்குப் பழகிருச்சு." பிறகு சொன்னார்: "பொறுங்கண்ணே. நாலு நாள் ஓட்டிப் பாருங்க."

அவர் அப்பாவிடம் அந்த வார்த்தையைச் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

"எனக்கு வண்டி ஓட்டத் தெரியலங்கிற. ஒன்பதாவது தாண்டாதவன் எனக்குப் பாடம் எடுக்கற." சாவியைப் பெட்ரோல் தொட்டிமேல் வைத்தார். "பழையபடி போட்டுக்கொடு."

அப்பாவைக் கொண்டுவந்து விட்ட நான் ஸ்கூட்டரோடு அங்கேயே நின்றிருந்தேன். அந்தப் படிப்பை நிறுத்தியது யார் என்று எனக்குத் தெரியும். பின்சீட்டில் உட்காருங்கள் என்று மட்டும் சொன்னேன்.

உள்ளே இறங்கிய வெளி வளையத்தை வெளியே தள்ளப் பிடிமானம் கிடையாது. வெல்டரை வரவழைத்து வளையத்தின் உட்புறம் ஒரு சுற்று வெல்டிங் ஓட்டினால், ஆறும்போது அது சுருங்கிக் கழன்றுவிடும். கழன்றது. பிறகு அது எதற்கும் ஆகாது. தண்டில் இருந்த உள் வளையத்தை அறுத்தே எடுக்க வேண்டியிருந்தது. மூன்று மாத அலைச்சல் ஒரு பகலில் பழைய இரும்பு டப்பாவுக்குப் போனது. அதே டப்பாவிலிருந்து பழைய கிண்ணங்களை எடுத்தார்.

அவற்றைத் திரும்பப் போடும்போது அரைக் குண்டளவு திருப்பிப் போட்டால், குண்டுகள் பள்ளத்தில் விழாமல் புது இடத்தில் ஓடும். தொழில் தெரிந்த எவரும் அதைத்தான் செய்வார்கள். சித்தப்பா அதைச் செய்யவில்லை. பள்ளத்தைத் தேடினார். முதல் தடவை பூட்டியபோது ஹேண்டில் கொஞ்சம் இடப்பக்கம் விழுந்து நின்றது. மறுபடி கழற்றிக் கிண்ணத்தை ஒரு மயிரிழை திருப்பினார். வலப்பக்கம். மூன்றாவது தடவை 'டக்'கென்று நட்டநடுவில் நின்றது.

"பழுதைக்கூட இவ்வளவு சுத்தமா பார்க்கணுமா?" என்றார் சித்தி.

அப்பா ஓட்டிப் பார்த்துவிட்டு வந்தார். இந்தத் தடவை இறங்கினார். கூட வழுக்கைத் தலைக்காரரும் வந்திருந்தார். அப்பா சித்தப்பாவின் தோளில் கைவைத்தார்.

"இதுதான்டா வேலை. நல்லா செஞ்சிருக்க." நண்பர் பக்கம் திரும்பி, "தம்பி மனசு வெச்சுட்டா இந்த ஊர்ல அவனை அடிச்சுக்க ஆள் கிடையாது" என்றார்.

சித்தப்பா தோளை நகர்த்தவில்லை. சமையலறை வாசலில் நின்றிருந்த சித்தி உள்ளே போய்க் குழாயைத் திறந்துவிட்டார். தண்ணீர் பாத்திரத்தில் விழும் சத்தம் வெகுநேரம் கேட்டது.

அதற்குப் பிறகு அப்பா தம்பியைப் பற்றிப் போகிற இடமெல்லாம் நல்லதாகவே சொல்கிறார். அதனால்தான் போன மாதம் வழுக்கைத் தலைக்காரர் தன் வண்டியைப் பட்டறைக்கே கொண்டுவந்தார். என் ஸ்கூட்டருக்குப் பஞ்சர் ஒட்டுவதற்காக நானும் அங்கே காத்திருந்தேன்.

"உங்க அண்ணன் வண்டி மாதிரியே வேணும்" என்றார். "கையை விட்டாலும் ஹேண்டில் நேரா நிக்கணும்."

சித்தப்பா அவருடைய ஹேண்டிலை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார். எங்கும் தடங்கல் இல்லாமல் திரும்பியது.

"பொறுங்க" என்றார். "அதுக்கு முப்பது வருஷம் ஆகும்."

வழுக்கைத் தலைக்காரர் தொடையைத் தட்டிச் சிரித்தார். சிரித்து முடிக்கும்வரை சித்தப்பா ஹேண்டிலைப் பிடித்துக்கொண்டே நின்றார்.