சேறு அப்பிக் கொடுத்த நாற்று

அந்த வருஷம் என் கத்தரிச் செடிகள் எல்லாம் வாடிச் செத்தன. ஒன்றை வேரோடு பிடுங்கிப் புதுச்சேரிக்கு எடுத்துப் போனேன். செடிகொடி ஆராய்ச்சி தெரிந்த ஒரு பிரெஞ்சுக்கார முசியே, வேரில் இருந்த முடிச்சைக் கீறிப் பூதக்கண்ணாடியின் கீழ் வைத்துக் காட்டினார். உள்ளே நூலைவிட மெல்லிய புழுக்கள். அவை மண்ணில் வாழ்பவை என்றும் மருந்து எதுவும் தமக்குத் தெரியாது என்றும் சொன்னார்.

வில்லியனூருக்குத் திரும்பி நானே மருந்து செய்தேன். இடித்த வேப்பங்கொட்டை இரண்டு படி, எருக்கிலை ஒரு கட்டு, தண்ணீர் ஒரு குடம். இரண்டு நாள் ஊறவைத்து வடிகட்டி, அதே கொல்லையில் போட்ட புது நாற்றங்காலில் நான்கு நாளைக்கு ஒரு முறை ஊற்றினேன். ஒவ்வொரு முறையும் நாற்றின் உயரத்தையும் இலைகளின் எண்ணிக்கையையும் குறித்துக்கொண்டேன். முப்பதாம் நாள் நாற்று கரும்பச்சையாக நின்றது.

குருவிநத்தத்திலிருந்து என் தங்கை நாற்றுக்கு வந்தாள். கணவன் இறந்த பிறகு, அவளுக்கும் இரண்டு பெண்களுக்கும் ஒரு மேட்டுக்கொல்லைதான் சோறு போட்டது.

"இன்னாண்ணே, புள்ள பெத்தவளுக்குக்கூட யாரும் இம்மாம் கஷாயம் ஊத்தமாட்டாங்க" என்று சிரித்தாள்.

"அதனாலதான் இப்படி நிக்குது. எடுத்துகினு போ" என்றேன்.

வேர் காயாமலிருக்கச் சேறு அப்பி, வாழைச்சருகில் கட்டிக் கொடுத்தேன். தூரம் போகும் நாற்றை எல்லோரும் அப்படித்தான் கட்டுவோம். ஒரு நாற்றைக் கழுவி வேரைப் பார்க்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. என் குறிப்புகள் எல்லாம் மண்ணுக்கு மேலே இருந்ததைப் பற்றியவை.

ஒன்றரை மாதத்தில் என் கொல்லையில் நட்டவை உச்சி வெயிலில் துவண்டன. பிடுங்கிப் பார்த்தேன். அதே முடிச்சு. வேப்பங்கொட்டையின் சத்தில் இலை தழைத்திருந்தது, புழு சாகவில்லை. அன்றே குருவிநத்தத்துக்கு நடந்தேன்.

தங்கை ஏற்கெனவே ஒரு செடியைப் பிடுங்கிக் கையில் வைத்திருந்தாள். இதுவரை அந்தக் கொல்லையில் இந்த நோய் வந்ததில்லை. நாற்றோடும் சேற்றோடும் நான் அனுப்பியது அது. அவளிடம் அப்படியே சொன்னேன்.

அவள் கையிலிருந்த செடியை வரப்பில் போட்டாள்.

"அடுத்த வருசம் வெண்டி போடட்டா?"

"அதையும் இந்தப் புழு தின்னும்மா."

"மொளகா?"

"அதையும்தான்."

"நெல்லு?"

தண்ணீர் நின்றால் அந்தப் புழு அடங்கும் என்று முசியே சொல்லியிருந்தார். நான் வாய் திறப்பதற்குள் அவளே மேட்டைப் பார்த்தாள்.

"இங்க எங்க தண்ணி நிக்கும்" என்றாள்.

பிறகு கூடையை எடுத்துக்கொண்டு, துவண்ட செடிகளில் இருந்த பிஞ்சுகளைப் பறிக்கத் தொடங்கினாள். நான் எதிர் வரிசையில் பறித்தேன். கூடை பாதிகூட நிறையவில்லை.