லேசான பனி பெய்யலாம்

"இன்டர்நெட் கடைக்குப் போறீங்களா சயா?"

போன வாரம் படிக்கட்டில் என்னை நிறுத்திக் கேட்டவர் மா செல்வி. எங்கள் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் தையல் மெஷின் போட்டிருப்பவர். பர்மாவில் பெண்கள் பேருக்கு முன்னால் 'மா' போடுவது மரியாதை; பத்திரிகையில் எழுதுகிறவன் என்பதால் தெருவில் எனக்கு 'சயா', அதாவது வாத்தியார், பட்டம்.

அவர் மகன் குமார் கொரியாவில் கட்டட வேலையில் இருக்கிறான். அவன் ஊரில் நாளைக்குப் பனி பெய்யுமா என்று பார்த்துச் சொல்ல வேண்டுமாம். நம் யாங்கோன் மூடுபனி இல்லை — வெள்ளையாகக் கொட்டுமே, அந்தப் பனி.

மகன் குளிரில் நடுங்குவானே என்ற கவலை என்று நினைத்தேன். இல்லை... பனி பெய்ய வேண்டும் என்று வேண்டிக்கொண்டிருக்கிறார்!

குமாருக்கு முழங்கால் வீங்கியிருக்கிறது. வெளியே சொன்னால் வேறு ஆளைப் போட்டுவிடுவார்களோ என்று பயந்து, வாயைத் திறக்காமல் தினமும் சாரத்தில் ஏறுகிறான். அம்மாவிடம் மட்டும் போனில் சொல்லியிருக்கிறான். பனி கொட்டினால் எல்லோருக்கும் லீவு. யாரையும் கெஞ்சாமல் காலை நீட்டிப் படுக்கலாம்.

கடையில் கரண்ட் போய், ஜெனரேட்டர் உறுமி, ஒருவழியாக வானிலைப் பக்கம் திறந்தது. லேசான பனிக்கு நாற்பது சதவீதம் வாய்ப்பு.

வந்து சொன்னேன். தைத்துக்கொண்டிருந்த லோஞ்சிக் கைலியை மடியில் வைத்தார்.

"லேசான்னா... வேலையை நிப்பாட்டுவாங்களா?"

நான் யோசிக்காத கேள்வி. நிறையப் பெய்தால் லீவு. பெய்யாவிட்டால் வழக்கமான வேலை. லேசாகப் பெய்தால்? சாரம் வழுக்கும். அப்போதும் ஏறு என்றால், அந்தக் காலோடு...? இதை நான் அவரிடம் சொல்லவில்லை. சொல்ல வேண்டியிருக்கவும் இல்லை. அன்று அப்புறம் மெஷின் ஓடவில்லை.

மறுநாள் எனக்கும் வேலை ஓடவில்லை. தேவையில்லாமல் இரண்டு முறை கீழே இறங்கினேன். குமார் டீக்கடை போனுக்குத்தான் கூப்பிடுவான். செல்வி காலையிலிருந்தே அங்கே உட்கார்ந்திருந்தார். மதியம் போல, நானும் அங்கே நின்றபோது, மணி அடித்தது.

பனி பெய்திருக்கிறது. லேசாகத்தான். மேஸ்திரி சாரத்தைக் கையால் தடவிப் பார்த்துவிட்டு, எல்லோரையும் ரூமுக்கு அனுப்பிவிட்டார்.

செல்வி கண்ணைத் துடைத்துக்கொண்டார். அப்புறம், கேட்கக் கேட்க, முகம் மாறியது. போனை வைத்துவிட்டு என்னிடம் வந்தார்.

"படுத்துக் கெடடான்னு சாமி லீவு குடுத்தா, இவன் கூட்டாளிங்களோட சேந்து கார் மேல கெடந்த பனியை அள்ளி அடிச்சு வெளையாடியிருக்கான் சயா. நொண்டிக்கிட்டே! கேட்டா சிரிக்கிறான்."

பிள்ளைக்கு ஓய்வு வேண்டும் என்று அம்மா வேண்டிக்கொள்ளலாம். கிடைத்த ஓய்வை என்ன செய்வது என்பது பிள்ளையின் இஷ்டம்.

கொஞ்ச நேரம் திட்டித் தீர்த்தார். பிறகு குரல் இறங்கியது.

"அது சத்தமே இல்லாம விழுதாம் சயா. நெசமா?"

அப்படித்தான் சொல்கிறார்கள் என்றேன். ஒரு தூறலுக்கே தகரக் கூரைகள் கூப்பாடு போடும் ஊரில் இருந்துகொண்டு, அதை நம்புவது கொஞ்சம் கஷ்டம்தான்.