சம்பந்தி வீட்டு இன்ஜின்

தென்காசியில் பழைய கார் வைத்திருப்பவர்கள் மெக்கானிக் எபனேசரைப் பற்றி இரண்டு குறை சொல்வார்கள். சொன்ன நாளில் வண்டி தரமாட்டார் என்பது ஒன்று. ஒரு வண்டியின் இன்ஜினைக் கழற்றி இன்னொன்றில் வைத்தால், முதல் ஸ்டார்ட்டுக்கு இரண்டு வீட்டுக்காரர்களும் வந்தே தீர வேண்டும் என்று அடம் பிடிப்பார் என்பது மற்றொன்று. வராவிட்டால் சாவி கைக்கு வராது. இன்ஜின் கொடுத்தவர் பெண் வீடு, வாங்கியவர் மாப்பிள்ளை வீடு. எபனேசரின் மனைவி ஜெஸி இரு தரப்புக்கும் கேசரி கிண்டிக் காராச்சேவும் வைப்பாள். முன்பின் தெரியாதவர்கள் ஒர்க்‌ஷாப் பெஞ்சில் அருகருகே உட்கார்ந்து, எழுந்திருக்கும்போது சம்பந்திகளாகிவிடுவார்கள். கிறுக்குத்தனம்தான். ஆனால் அப்படி அறிமுகமான இரண்டு வீடுகளுக்குள் நிஜமாகவே ஒரு கல்யாணம் நடந்திருக்கிறது. அதையும் எபனேசர் தன் வேலையில் ஒன்றாகத்தான் சொல்லிக்கொள்வார்.

இந்த வருஷம் குற்றால சீசன் தொடங்கும் நேரத்தில், ஐந்தருவியில் பழக்கடை போடும் செல்லச்சாமி தன் ஆம்னி வேனைக் கயிறு கட்டி இழுத்துக்கொண்டு வந்தான். ரம்புட்டான் எடுக்கக் கேரளாவுக்குப் போனவன், ரேடியேட்டரில் தண்ணீர் இருக்கிறதா என்று பார்க்காமலே புளியரை மலையில் ஏற்றியிருக்கிறான். இன்ஜின் வெந்துவிட்டது. சாரல் விழுந்துவிட்டது, கூட்டம் வந்துவிட்டது, வேன் இல்லாவிட்டால் இந்த வருஷப் பிழைப்பு போச்சு என்று தலையில் கைவைத்து உட்கார்ந்தான். எபனேசர் அவனை நன்றாகத் திட்டினார். திட்டி முடித்ததும் கடையநல்லூர் நூர்நிஷாவின் நினைப்பு வந்தது.

நூர்நிஷாவின் வீட்டுக்காரர் இத்ரீஸ், வளைகுடாவில் பல வருஷம் டிரைவராக இருந்துவிட்டு ஊரோடு வந்து சேர்ந்தவர். வந்ததும் ஒரு மாருதி 800 வாங்கினார். அதை எபனேசரைத் தவிர வேறு யாரையும் தொட விடமாட்டார். அவர் இறந்து இரண்டு வருஷமாகிறது. போன ஐப்பசி மழையில் தென்னை முறிந்து விழுந்து காரின் கூரை நசுங்கிப்போனது. இன்ஜினுக்கு ஒரு கீறலும் இல்லை. பழைய இரும்புக்காரர்கள் வந்து கேட்டும் அவள் கொடுக்கவில்லை. எபனேசர் போய்க் கேட்டபோது விலையைப் பற்றி ஒன்றும் பேசாமல் ஒரே ஒரு நிபந்தனை சொன்னாள். வண்டி போனால் போகட்டும், அந்த இன்ஜின் சத்தத்தை மறுபடியும் ஒருதரம் அவள் கேட்க வேண்டும்.

“அதுக்கென்ன தங்கச்சி, முதல் ஸ்டார்ட்டுக்கு நீ வரணும்லா. நல்லாக் கேளு” என்று வாக்குக் கொடுத்துவிட்டு வந்தார்.

மாருதி 800-ம் ஆம்னியும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள். ஆனால் 800-ல் இன்ஜின் முன்னால் குறுக்கே கிடந்து முன்சக்கரத்தைச் சுழற்றும். ஆம்னியில் சீட்டுக்கு அடியில் நெடுக்காகக் கிடந்து பின்சக்கரத்தைச் சுழற்றும். அதனால் ஆயில் சம்ப், மவுண்டிங், கியர்பாக்ஸ் எல்லாம் ஆம்னியுடையதையே வைத்து, இத்ரீஸின் இன்ஜினை அதோடு பொருத்தினார். பெண்ணுக்குப் புகுந்த வீட்டுப் புடவை கட்டிவிடுகிற வேலைதான் அது. மேல்மூடியைத் திறந்தவர், வால்வுகளைத் தட்டித் திறக்கும் டேப்பட்டுகளையும் சரிபார்த்து இறுக்கினார். திறந்த இன்ஜினில் டேப்பட் பார்க்காமல் மூடுவது அவருக்கு முகம் கழுவாமல் கோயிலுக்குப் போவது மாதிரி.

முதல் ஸ்டார்ட்டுக்கு நூர்நிஷா பஸ் பிடித்து வந்தாள். செல்லச்சாமி மாப்பிள்ளை வீட்டு மிடுக்கோடு சாவியைத் திருப்பினான். இன்ஜின் பட்டுப்போல் ஓடியது. அவன் பூரித்துப் போனான். நூர்நிஷா மட்டும் தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டே இருந்தாள். அவளுக்காகவே எபனேசர் வெகுநேரம் அணைக்காமல் ஓடவிட்டார்.

“நல்லாத்தான் இருக்கு அண்ணாச்சி. ஆனா இது அவுக வண்டி இல்ல” என்றாள். “தெருமுக்குல திரும்பும்போதே டிக்கு டிக்குன்னு ஒரு சத்தம் வரும். அவுக ஹாரனே அடிக்க மாட்டாக. அதக் கேட்டுத்தான் நான் அடுப்புல பால வைப்பேன்.”

எபனேசர் கை நீட்டி இன்ஜினை அணைத்தார். ஒவ்வொரு சர்வீஸிலும் டேப்பட் சத்தம் போடுகிறது, இறுக்கிவிடட்டுமா என்று அவர் கேட்பதும், அது கிடக்கட்டும் அண்ணாச்சி என்று இத்ரீஸ் சிரிப்பதும் வழக்கம். கஞ்சத்தனம் என்றே இத்தனை காலமும் நினைத்திருந்தார். ஒரு மனிதன் தன் வீட்டுக்கு வரும் சேதியை இன்ஜினில் வைத்திருந்தான், அதை இவர் ஸ்பேனரால் திருகி அணைத்துவிட்டார். நூர்நிஷா கேசரியைத் தொடாமல் பஸ் ஏறினாள்.

“பொண்ணக் கட்டிக் கொடுத்தா வீடுதான் மாறும். குரலையுமா மாத்தி அனுப்புவாக?” என்றாள் ஜெஸி, தட்டை எடுத்துக்கொண்டே.

மறுநாள் காலையில் எபனேசர் செல்லச்சாமியை வரவழைத்து விஷயத்தைச் சொன்னார். ஒரு டேப்பட்டை மயிரிழை தளர்த்தினால் இன்ஜினுக்கு ஒன்றும் ஆகாது, சத்தம் மட்டும் இருந்துகொண்டே இருக்கும், உனக்குச் சம்மதமா என்று கேட்டார்.

“பொண்ணு கொடுத்தவுக மனசு கலங்கிப் போயிருக்காக. இருக்கட்டும் அண்ணாச்சி, கேட்டுக்கிட்டே ஓட்டுதேன்” என்றான்.

எதை அதிகம் இறுக்கினோம் என்பது எபனேசரின் கைக்கு நினைவிருந்தது. அந்த ஒன்றை மட்டும் தளர்த்தினார், ஓடவிட்டுக் கேட்டார், மறுபடி ஒரு நூல் தளர்த்தினார். தொழில் கற்ற நாளிலிருந்து ஒரு வேலையை வேண்டுமென்றே குறையாகச் செய்தது அன்றைக்குத்தான். செய்யும்போது அவருக்குக் கண் நிறைந்துவிட்டது, அதை மறைக்கவும் இல்லை.

அப்படியே இருவரும் கடையநல்லூருக்கு வேனை விட்டார்கள். முன்கூட்டிப் போன் செய்யவில்லை. நூர்நிஷாவின் தெருமுக்கில் திரும்பும்போது செல்லச்சாமியின் கை ஹாரனுக்குப் போனது. எபனேசர் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார். வேன் டிக்கு டிக்கென்று மெதுவாகத் தெருவில் ஊர்ந்து அந்த வீட்டு முன்னால் நின்றது.

கேட் உடனே திறக்கவில்லை. எபனேசர் தலையைக் குனிந்துகொண்டார். கொஞ்சம் பொறுத்துத் தாழ்ப்பாள் விலகியது. நூர்நிஷா முக்காட்டைச் சரிசெய்தபடி வந்து நின்று, வேனை ஒருதரம் முன்னும் பின்னும் பார்த்தாள். ஈரக் கையைச் சேலையில் துடைத்தாள்.

“பால அடுப்புல வச்சிட்டுத்தான் வாரேன் அண்ணாச்சி” என்றாள். “உள்ள வாங்க.”